நெஞ்சடிக்கிற தூரம்

ஞானசேகரன் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் வந்தான். அதற்கு மேல் வரவில்லை.

பெங்களூர் மர்பி டவுனில் அவர்கள் குடியிருந்த சந்து ரோட்டில் சேருகிற இடத்தில் அந்த டிரான்ஸ்பார்மர் இருந்தது. வீட்டிலிருந்து நூறு தப்படிகூட இராது. காலை ஆறு மணிக்கு பிரிஜெட் புருஷனை எழுப்பி, முகம் கழுவ வைத்து, ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கூட்டி வருவாள். அவன் அங்கே வந்ததும் நின்றுவிடுவான். ஒரு கையின் கட்டைவிரலால் இன்னொரு கையின் விரல் முட்டிகளை மாறிமாறித் தேய்ப்பான். போதும், போகலாம் என்பான். வந்ததை விட இரண்டு மடங்கு வேகத்தில் வீட்டுக்குத் திரும்புவான். பதினோரு நாளாக இப்படித்தான்.

பன்னிரண்டாம் நாள் அவன் திரும்பியபோது பிரிஜெட் திரும்பவில்லை.

"நீங்க போய் ஒக்காருங்க. நான் பால் வாங்கிக்கினு வர்றேன்" என்றாள்.

முந்தின நாள் வாங்கிய பால் பாக்கெட் உடைக்காமல் வீட்டில் இருந்தது. பால் பூத் ரோட்டுக்கு எதிர்ப்பக்கமே இருந்தது. அதைத் தாண்டி அவள் நடந்தாள். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை. நைட்டி மேல் துப்பட்டா, காலில் ரப்பர் செருப்பு. நசநசவென்று தூறல். நடக்க நடக்கக் கோபம் ஏறியது. மனதுக்குள் எல்லோரோடும் சண்டை போட்டாள். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரோடு, ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து புத்தி சொல்கிற நாத்தனாரோடு, கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவே நாள் முழுக்க அலைகிற புருஷனோடு. வாய்கூட அசைந்திருக்க வேண்டும். எதிரே வந்த ஒரு ஆள் ஒதுங்கிப் போனான்.

கென்சிங்டன் ரோடு தாண்டி அல்சூர் ஏரிக்கரைக்கு வந்துவிட்டாள். வந்ததுதான் வந்தோம் என்று ஏரியைச் சுற்றினாள். பாதிச் சுற்றில் சண்டை போட வார்த்தை தீர்ந்துபோயிற்று. மூச்சு மட்டும் வாங்கியது. முதுகில் வேர்வை இறங்கியது. முக்கால் சுற்றில் எதைப் பற்றியும் நினைக்காமல் நடந்துகொண்டிருந்தாள் என்பது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. ஏழரை மணிக்கு வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது பால் வாங்க மறந்தது ஞாபகம் வந்தது. கடை திறக்கவில்லை என்று பொய் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

ஞானசேகரன் லிஃப்ட் மெக்கானிக். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் பெங்களூர் வந்தவன். இருபத்துநாலு வருஷமாக ஒரே கம்பெனி. லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் மெக்கானிக்குக்கும் லிஃப்ட் கிடையாது. கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து மாடி, பன்னிரண்டு மாடி ஏறி மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று கட்டடம் ஏறி இறங்கினாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டாம் முறை சோறு கேட்பான்.

பிப்ரவரி மாதம் ஒரு நாள் அப்படி ஒரு மெஷின் ரூமில் திடீரென்று அவனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. வேர்த்தது. மூச்சு மேலே மேலே வந்தது. கையில் ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நான்கு மணி நேரம் கழித்து சூப்பர்வைசர் கிரண் தேடி வந்து பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் மறுபடி வந்தது. அதற்கடுத்த வாரம் பஸ்ஸில் வந்தது. மார்ச் பாதியில் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். அப்புறம் தூக்கம் போயிற்று, பசி போயிற்று, பேச்சும் குறைந்தது. ஒரு இடத்தில் உட்கார முடியாது, படுக்கவும் முடியாது. போர்வையை மடிப்பான், பிரிப்பான், திரும்ப மடிப்பான்.

ஆளாளுக்குக் காரணம் தேடினார்கள். அவன் அக்கா பிரிஸில்லா, கம்பெனியில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றாள். கிரண், வேலையில் ஏதாவது மனக்கஷ்டமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். பிரிஜெட்கூட, தன்னிடம் மறைத்த விஷயம் எதுவும் இருக்குமோ என்று அவன் சட்டைப் பையையெல்லாம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. காரணம் இல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஜூனில் பெரிய ஆஸ்பத்திரியின் மனநல டாக்டரம்மா சுப்புலக்ஷ்மி மாத்திரை எழுதினார். இது பயத்தினால் வருகிற நோய், மாத்திரை வேலை செய்ய நாள் பிடிக்கும், விடாமல் போட வேண்டும் என்றார். அதோடு தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், சும்மா உலாத்துவது இல்லை, மூச்சு வாங்குகிற மாதிரி நடக்க வேண்டும் என்றார். பிரிஜெட் பக்கம் திரும்பி, கூட்டிக்கொண்டு போவது உங்கள் பொறுப்பு என்றார். அப்படித்தான் அந்த டிரான்ஸ்பார்மர் நடை ஆரம்பித்தது.

பிரிஜெட்டுக்கு விவேக் நகரில் ஒரு பேக்கரியில் வேலை. ஒன்பதரையிலிருந்து கவுண்டரில் நிற்க வேண்டும். அவள் பால் வாங்கப் போன அன்றைக்கு வியாழக்கிழமை. குழந்தை இயேசு கோயிலுக்கு வருகிற கூட்டமெல்லாம் ஜெபம் முடிந்து பேக்கரியில் வந்து விழும். தில்குஷ் கொடு, காரா பன் கொடு, எனக்கு முதலில் கொடு என்று ஆறு கை ஒரே சமயத்தில் நீளும். நாலு மாதமாக வியாழக்கிழமை என்றாலே அவளுக்குத் தலை வெடிக்கும். நடுவில் ஒளிந்து ஒளிந்து வீட்டுக்குப் போன் போட்டு அவன் குரல் கேட்டால்தான் அடுத்த ஆளுக்குப் பன் கட்ட முடியும். அன்றைக்கு அவள் இரண்டு முறைதான் போன் செய்தாள். சாயந்திரம் முதலாளியம்மா ஜகதாம்பாள், இன்றைக்கு முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கிறதே, அவருக்குப் பரவாயில்லையா என்று விசாரித்தாள். அப்படியேதான் இருக்கிறார் என்று பிரிஜெட் சொன்னாள். சொன்ன பிறகு, அப்படியானால் எனக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தாள்.

மறுநாளும் பால் வாங்கப் போனாள். அதற்கு மறுநாளும். மகள் மௌரீன் பி.காம். இரண்டாம் வருஷம், அவளுடைய பழைய விளையாட்டு ஷூ பரணில் கிடந்தது. அரை அளவு பெரிது. முன்னால் துணியை வைத்துப் போட்டுக்கொண்டாள். காதில் ஒயர் மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள், வரிசையாக ஓடும் பட்டாளத்துப் பையன்கள், ஏரியிலிருந்து வரும் பாசி நாற்றம், கரை மரத்தில் உட்கார்ந்து கத்தும் பருந்து, எல்லாம் பழகிப்போயிற்று. முதலில் நாற்பது நிமிஷம் பிடித்த சுற்று முப்பத்திரண்டுக்கு இறங்கியது. ஏறுகிற இடத்தில் வேண்டுமென்றே வேகமாகப் போவாள். நெஞ்சு திம்திம் என்று அடிக்கும். பிறகு அது அடங்குகிற நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது.

ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. அவன் எழுந்து நடமாடுகிற சத்தம் கேட்டால் விழித்துப் பார்ப்பாள், திரும்பத் தூங்கிவிடுவாள். காலையில் நாலு தோசை சாப்பிட்டாள். மௌரீனைத் திட்டுவது குறைந்தது. வெளியே இதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது. சீக்காளி அவன். மருந்து அவனுக்குச் சொன்னது. வேலை செய்வதோ இவள் உடம்பில்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிஸில்லா பொம்மனஹள்ளியிலிருந்து வந்தாள். தூக்குப் பாத்திரத்தில் தம்பிக்காக ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்திருந்தாள். அவன் இரண்டு மடக்கு குடித்துவிட்டு வைத்துவிட்டான். வாசலில் கழற்றி வைத்திருந்த ஷூவைப் பார்த்து யாருடையது என்று கேட்டாள். மௌரீன் யோசிக்காமல், மம்மியுடையது, தினம் ஏரிக்கு வாக்கிங் போகிறார் என்று சொல்லிவிட்டாள்.

பிரிஸில்லா சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அவன் இங்க எலும்பும் தோலுமா அலைஞ்சிக்கினு கெடக்கான். நீ ஷூ மாட்டிக்கினு ஏரியச் சுத்தப் போறியா? பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?"

"கூப்டா வர மாட்றாரு அண்ணி."

"வர மாட்டான்னா வூட்ல ஒக்காந்து ஜெபம் பண்ணு. உன் ஒடம்புக்கு இப்ப இன்னா கொறச்சல்?"

பிரிஜெட் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பாத்திரம் கழுவும்போது அவள் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினாள். ஞானசேகரன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"உனுக்கு நல்லாயிட்டுது" என்றான்.

அவ்வளவுதான். திரும்பிப் போய்ப் போர்வையை மடிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் அவள் நடக்கப் போகவில்லை. ஷூவைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டாள். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நாலாம் நாளே தூக்கம் போயிற்று. பேக்கரியில் பிறந்தநாள் கேக்கில் பெயரைத் தப்பாக எழுதக் கொடுத்து, ஒரு அம்மாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அரை மணிக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போன் போட்டாள். ஒருநாள் சாயந்திரம் மௌரீன் பாத்ரூம் விளக்கை அணைக்காமல் வந்ததற்காகப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். கத்தி முடித்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மௌரீன் அழவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ நடக்கப் போ மம்மி."

"அப்பாவுக்கு…"

"டாடி ஒருத்தர நான் பாத்துக்குவேன். ரெண்டு பேரும் இப்பிடி ஆயிட்டா என்னால முடியாது."

பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அவள் முகத்தை இத்தனை நாள் சரியாகப் பார்க்கவே இல்லை என்று பிரிஜெட்டுக்கு அப்போதுதான் பட்டது. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் பிரிஜெட் புருஷன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"நான் பால் வாங்கப் போவலங்க. ஒரு மாசமா பொய் சொன்னேன். ஏரிக்குப் போயி நடந்துட்டு வந்தேன்."

"தெரியும். பூத்து எதிர்லதான இக்குது."

"கோவமா?"

"இல்ல. நீ போயிட்டு வந்தா வூட்ல சத்தம் வேற மாதிரி கேக்குது. பாத்திரம் வெக்கற சத்தம், நீ பேசற சத்தம். எனுக்கு அது புடிக்கும்."

"அப்பறம் ஏன் அன்னிக்கி அப்பிடி சொன்னீங்க?"

"எப்பிடி?"

"உனுக்கு நல்லாயிட்டுதுன்னு."

"நல்லாயிட்டுதுன்னுதான் சொன்னேன். வேற இன்னா சொன்னேன்?"

அவன் சொல்லாத குற்றத்தைத் தானே கேட்டுக்கொண்டு ஒரு வாரம் வீணாக்கியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. மனதில் இரண்டு மாதமாக இருந்த கேள்வியைக் கேட்டாள்.

"நீங்க ஏங்க வர மாட்றீங்க? நாலு அடிதான."

அவன் விரல் முட்டிகளைத் தேய்த்தான். நிறுத்தினான். திரும்பத் தேய்த்தான்.

"நடந்தா நெஞ்சு அடிக்குது பிரிஜெட். மூச்சு மேல வருது, வேக்குது. அன்னிக்கி மெஷின் ரூம்ல எப்பிடி வந்துச்சோ அதே மாதிரி. வந்துடிச்சி, இங்கயே ரோட்ல வியுந்து செத்துருவேன்னு தோணுது. நெஞ்சு நல்லாக்கீதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனுக்குத் தெரியுது. தெரிஞ்சி இன்னா பண்றது, ஒடம்பு கேக்கல."

"இத ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"எப்பிடி சொல்றது? பன்னெண்டு மாடி ஏறி எறங்கனவன், சந்து முனை வரைக்கும் நடக்க பயமா இக்குதுன்னு."

ஐந்து மாதத்தில் அவன் இவ்வளவு பேசியதில்லை. பிரிஜெட் அவன் கையைப் பிடித்தாள். தனக்கும் வேகமாக நடந்தால் நெஞ்சு அடிக்கிறது, அப்புறம் தானாக அடங்கிவிடுகிறது, அடங்கும்போது நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டான். நம்பியதாகத் தெரியவில்லை.

அவள் திரும்ப நடக்க ஆரம்பித்தாள். இந்த முறை வாசலிலேயே உட்கார்ந்து ஷூ கட்டினாள்.

செப்டம்பர் முதல் வாரம். சிவாஜிநகர் மாதா கோயிலில் கொடியேறிவிட்டது. மௌரீன் அத்தையை நவநாள் ஜெபத்துக்குக் கூட்டிவர முந்தின நாளே பொம்மனஹள்ளி போயிருந்தாள். இரவெல்லாம் பெய்த மழை விடிந்தும் முழுசாக விடவில்லை. ஏரிக்கரையில் குருத்வாராவுக்கு அருகே நனைந்த இலைகள் கல்லில் ஒட்டிக்கிடந்தன. பிரிஜெட்டின் கால் வழுக்கியது. கணுக்கால் மடங்கி, உட்கார்ந்தபடியே விழுந்தாள். ஏதோ முறிந்த மாதிரி ஒரு சத்தம் அவளுக்கே கேட்டது.

நடந்துகொண்டிருந்த ஒரு கன்னடக்காரம்மா, "ஏனாயித்தம்மா?" என்று ஓடிவந்து, தூக்கிச் சுவரோரம் உட்கார வைத்தாள். பிரிஜெட் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த அம்மாள் போனிலிருந்து மௌரீனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் தன் சொந்த நம்பருக்கே அடித்தாள். மூன்றாம் தடவை அவன் எடுத்தான்.

காலில் அடிபட்டுவிட்டது, ஏரிக்கரையில் குருத்வாராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்து வீட்டில் யாரையாவது அனுப்புங்கள் என்றாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. போன் கட்டாயிற்று.

பத்து நிமிஷம் ஆயிற்று. அந்த அம்மாள் ஆபீஸுக்கு நேரமாகிறது என்று தயங்கித் தயங்கிப் போனாள். பதினைந்து நிமிஷம். கணுக்கால் பன் மாதிரி உப்பியிருந்தது. வலியைவிட, அவனுக்கு ஏன் போன் போட்டோம் என்பதுதான் அவளைக் குடைந்தது. சந்து முனையில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருப்பான். அல்லது மறுபடி அது வந்து வீட்டுக்குள் தரையில் கிடப்பான். கதவு திறந்து கிடக்கும். அவள் சுவரைப் பிடித்து எழுந்து பார்த்தாள், முடியவில்லை, உட்கார்ந்தாள். திரும்ப எழுந்தாள்.

வளைவில் ஒரு ஆள் ஓடி வந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு. அது ஞானசேகரன் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று. அவன் ஓடி அவள் பார்த்து வருஷக்கணக்காயிற்று.

வந்தவன் ஏரிக்கரைக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது. மழையா வேர்வையா தெரியவில்லை, தலையிலிருந்து சொட்டியது. வாயைத் திறந்து மூச்சை இழுத்தான். ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை என்று சொல்ல வந்து பாதியில் விட்டுவிட்டான். அப்படியே சறுக்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கை நெஞ்சுக்குப் போயிற்று.

"அடிக்குது" என்றான்.

அந்தக் கண்ணை அவள் பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்திருக்கிறாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடி வந்தீங்கல்ல" என்றாள். "ஓடினா அடிக்கும்."

அவன் அவளைப் பார்த்தான். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பட்டாளத்துப் பையன்கள் ஒரு வரிசை ஓடிப் போனார்கள், அவர்கள் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அவள் விரலுக்குக் கீழே அவன் நாடி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"கொறயுது" என்றான் அவன் கொஞ்ச நேரம் கழித்து.

"ம்."

"கொறஞ்சிக்கினே வருது."

அவன் குரலில் இருந்தது ஆச்சரியம்தான். மேலே போன ஒன்று தானாகக் கீழே இறங்குவதை ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் அப்படியே கவனித்துக்கொண்டிருந்தான். பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தவன் போல, அவள் ஷூவின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தான்.

எலும்பில் சின்ன விரிசல். மூன்று வாரத்துக்கு மாவுக்கட்டு.

மறுநாள் காலை ஞானசேகரன் எங்கேயும் போகவில்லை. அதற்கு மறுநாளும் போர்வையைத்தான் மடித்தான். மூன்றாம் நாள் ஆறு மணிக்கு, வேலைக்குப் போட்டுப் போகிற கனமான ஷூவைத் தேடி எடுத்தான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் தலையணையில் காலைத் தூக்கி வைத்துப் படுத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கால் மணி நேரத்தில் வந்துவிடுவான் என்று நினைத்தாள். அரை மணி ஆயிற்று. மௌரீனைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். அவள் செருப்பை மாட்டியதும் வேண்டாம் என்றாள். ஐந்து நிமிஷம் கழித்துப் போ என்றாள். அதற்குள் அவனே வந்தான்.

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். கென்சிங்டன் ரோடு வரைக்கும் போனதாகச் சொன்னான்.

"பயம் போயிடிச்சாங்க?"

"எங்க போவும்? கூடத்தான் வந்துச்சி. பயந்துக்கினே நடந்தேன்."

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகப் போய்விடவில்லை. ஒருநாள் போனால் ஒருநாள் போக மாட்டான். ஒருநாள் பாதி வழியில் ஒரு கடைப் படியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான். டாக்டரம்மாவிடம் இந்த முறை அவனே எல்லாவற்றையும் சொன்னான். அவர் எழுதிக்கொண்டு, இதை முன்னாடியே சொல்லியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்திருக்கலாமே என்றார். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார். கிரண் ஒரு தடவை போன் செய்தான். இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று ஞானசேகரன் அவனிடம் சொன்னான். ஆகாது என்று சொல்லவில்லை.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, அவன் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வந்தான். வந்ததும் உட்காரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டியை அடுப்பில் வைத்தான். மூன்று முட்டையை உடைத்து ஊற்றினான். நின்றபடியே ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டான், இன்னும் இரண்டு உடைத்தான். அந்தப் பக்கம் பட்டாளத்துக் காம்பவுண்டு ஓரம் தண்ணீரில் பெரிய பெரிய வெள்ளைப் பறவை இறங்கியிருக்கிறது, நீ பார்த்தாயா என்று அங்கிருந்தே கேட்டான். ஏறுகிற இடத்தில் நிற்காமல் ஏறினேன் என்றான். நாளைக்கு ஒன்றரைச் சுற்று போகட்டுமா என்றான்.

பிரிஜெட் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பத்து நாளாக அறைக்குள்ளேயே கிடந்து உடம்பெல்லாம் மந்தமாக இருந்தது, யாரையாவது ஏதாவது சொல்ல வேண்டும் போல வாய் துறுதுறுத்தது. மாதாவே, இந்த மனுஷன் சாப்பிடுகிறான் என்று ஒரு பக்கம் நெஞ்சு நிறைந்தது. இன்னொரு பக்கம் அந்த ஏற்றத்தை நினைத்தால் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"பறவையெல்லாம் பாக்காதீங்க" என்றாள். "வேகமா நடங்க."

அவன் சட்டியோடு திரும்பிப் பார்த்தான். சிரித்த மாதிரி இருந்தது. அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் குளிக்கப் போன பிறகு, கட்டுப் போட்ட காலைக் கட்டிலிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கித் தரையில் ஊன்றிப் பார்த்தாள். வலி சுள்ளென்று முட்டி வரைக்கும் ஏறியது. தூக்கித் தலையணையில் வைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி இறக்கினாள்.